நாலை அஞ்சாக்கினன்

றெஜியின்ர அப்பா,

பாண் அலுமாரிக்குள்ள இருக்கு. மீன் குழம்பைச் சுடவச்சுச் சாப்பிடுங்கோ. நான் பேசாலைக்குப் போறன். இந்தியாவில இருந்து ஆரோ திரும்பி வந்திருக்கினமாம். சண்டைக்குப் பயந்து தோணியேறின எங்கட மகன் ஜெறோமைக் கண்டவையோ எண்டு கேக்கவேணும்.

இரவு நான் சாப்பிடாமல் படுத்தது றெஜியின்ர பள்ளிக்கூடக் கணக்காலதான். வீட்டில் உள்ள எல்லோரும் ஆளுக்காள் ஒருமுறை கைகுலுக்கினால் மொத்தம் எத்தனை? நீங்கள் கொம்பியூட்டரில அந்த ஏ.பி.எல் மொழியில ஒரே வரி எழுதினீங்கள். அது ஒவ்வொருத்தராய் எண்ணாமல், எல்லாரையும் ஒரேயடியாய்க் கட்டத்தில நிறுத்தி, சோடிக்கு ஒண்டு போட்டுக் கூட்டி, ஆறு எண்டு சொல்லிச்சுது. மொழியில பிழையில்லை. வீட்டில நாலு பேர் எண்டு குடுத்தது நீங்கள்.

விடிய நீங்கள் வகுப்புக்குப் போனாப்பிறகு, நாலை அழிச்சு அஞ்சு போட்டன். பத்து வந்தது. பிள்ளையை அதையே எழுதச் சொல்லுங்கோ.

ஸ்ரெல்லா

பி.கு: கூடின நாலு கைகுலுக்கலும் ஆரின்ர எண்டு யோசிச்சுப் பாத்தன். நீங்கள், நான், பெட்டையள் ரெண்டு பேர். தோணியேறேக்க அவன் எங்கள் ஒருத்தருக்கும் கை குடுக்கேல்லை.