யாரங்கே என்றால் நான்தான் ஓடுகிறேன்

என் மேடைப் புருஷனே, என் முனியம்மாக்கா,

நீ போன இடத்தில் அடுப்பு இருக்காது என்று நம்புகிறேன். இருந்தால் இதைப் படிக்க உனக்கு எங்கே நேரம்? எனக்கே இன்று மதியம்தான் கை ஓய்ந்தது. சின்னவள் தூங்குகிறாள், மாமியார் இப்போதுதான் கண் அசந்தார், என் வீட்டுக்காரர் தோல் தொழிற்சாலையில் இருக்கிறார்.

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன். மாசியில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது கீழாநெல்லி அரைத்துத் தருகிறேன் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "நாடகம் முடியட்டும்டி" என்றாய். அந்த மாசி நாடகமும் முடிந்தது, நீயும் போய்விட்டாய். அடுத்து வாலாஜாபேட்டைத் திருவிழாவில் நடிக்க ஒப்புக்கொண்டு தாம்பூலம் வாங்கியவள் நீ. ஆடி முடிக்க வேண்டியவள் நானா? இது எந்த ஊர் நியாயம் அக்கா?

இத்தனை வருஷமும் நீ ராஜபார்ட், நான் ஸ்த்ரீபார்ட். மீசை ஒட்டிக்கொண்டு நீ ராஜாவாக வந்து நின்றால் குடியாத்தம் பஜாரில் தினமும் உன்னைப் பார்க்கிறவர்கள்கூட பெண் என்று நம்பமாட்டார்கள். நான் உன் பக்கத்தில் நின்று பாடுவேன், அழுவேன், காலில் விழுவேன். அதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. வீட்டில் செய்வதுதானே.

உன் காரியம் முடிந்த கையோடு வாத்தியார் வந்தார். நம் கம்பெனிக்கு நாடகம் கற்றுக்கொடுத்து, திரைக்குப் பின்னால் நின்று வசனமும் எடுத்துக்கொடுக்கிற மனிதர், பாவம், அவர்தான் என்ன செய்வார்? "மீசைய நீதாம்மா ஒட்டிக்கணும். வேற ஆள் கெடையாது. முனியம்மா வசனமெல்லாம் உன் காதுலதான் ஊறியிருக்கு" என்றார். உன் மீசையையும் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்துவிட்டார்.

வீட்டில் கேட்டேன். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருப்பேன். "போமே, யாரு வேணான்னாங்க? சோறு ஆக்கி வச்சிடு. அம்மாவுக்குக் கஞ்சி வச்சிடு. சின்னது நீ இல்லாம அடங்காதே, அதுக்கு இன்னா பண்றதுன்னு மட்டும் சொல்லு" என்றார். அதுக்கு என்ன பண்ணுவது என்பதையும் நான்தான் சொல்ல வேண்டும், பார்த்தாயா?

கெட்ட மனிதராக இருந்தாலாவது திட்டித் தீர்த்துவிடலாம். சுண்ணாம்புக் குழியில் தோலைப் புரட்டிப் புரட்டி அவர் விரல் நுனியெல்லாம் அரித்துப்போயிருக்கிறது. குழம்பில் கை வைத்தால் எரிகிறது என்று ஸ்பூனால் சாப்பிடுகிறவரிடம் பாத்திரம் துலக்கு என்று எந்த வாயால் சொல்வேன்? அதனால்தான் எனக்கு எரிச்சல் ஜாஸ்தி.

ஒத்திகையில் நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காதே. ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்து "யாரங்கே" என்று கூப்பிட வேண்டும். சேவகன் ஓடி வர வேண்டும். அதுதானே முதல் வசனம்? நான் மீசையோடு உட்கார்ந்தேன், வசனம் மறந்துபோயிற்று. வாத்தியார் திரைக்குப் பின்னாலிருந்து "யாரங்கே" என்று எடுத்துக்கொடுத்தார்.

நான் சடாரென்று எழுந்து, "தோ வந்துட்டேன்" என்று அவரிடம் ஓடினேன்.

ஆர்மோனியம் நின்றுவிட்டது. சேவகன் வேஷக்காரன் தரையில் உருண்டு சிரித்தான். "கூப்புட்றது நீம்மா. ராஜா நீ" என்றார் வாத்தியார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு நடக்கும்போது அழுகை வந்துவிட்டது. எந்தக் குரல் எதற்குக் கூப்பிட்டாலும் எழுந்து ஓடியே பழகிய கால் இது. யாரையும் கூப்பிட்டே பழகாதவள் எப்படி ராஜாவாக உட்கார்வது?

நீ எப்படி அக்கா உட்கார்ந்தாய்? குடியாத்தத்தில் உன் அண்ணன் வீட்டில் பகலெல்லாம் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்தும், அண்ணியிடம் ஒரு டம்ளர் காபி கேட்க யோசிப்பாய். மேடை ஏறியதும் அந்தக் குரல் எங்கிருந்து வந்தது? கேட்காமல் விட்டுவிட்டேன்.

வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம் என்று உலை கொதிக்கும்போது "யாரங்கே" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். கட்டிலிலிருந்து மாமியார், "யாருடி வந்திருக்காங்க?" என்றார்.

"யாரும் வரல அத்தை."

"அப்ப யார கூப்புட்ற? பேஜார் பண்ணாம கஞ்சிய எடுத்தா."

கஞ்சியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

திருவிழாவன்று மாமியாரையும் பெரியவளையும் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு அவரும் என்னோடு வாலாஜாபேட்டைக்கு வந்தார். இருட்டியதும் பெட்ரோமாக்ஸ் ஏற்றினார்கள். உன் மீசையை ஒட்டிக்கொண்டு சிம்மாசனத்தில் உட்கார்ந்தேன். உன் குரலை நினைத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து "யாரங்கே" என்றேன்.

சேவகன் வருவதற்குள் மேடையோரம் அவர் வந்து நின்றார். தோளில் சின்னவள் வீறிட்டுக்கொண்டிருந்தாள். "ஏமே, இது பால் குடிக்க மாட்டேங்குது. ஒரு நிமிஷம் வாயேன்" என்றார்.

சபையே என்னைப் பார்க்கிறது. அக்கா, என் கால் எழுந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து உன் மீசைப் பிசின் உதட்டைச் சுண்டி இழுத்தது. நான் மறுபடி உட்கார்ந்தேன்.

"குழந்தையோடு நிற்கும் காவலரே, அரசர் சபையில் இருக்கிறார். பாலை நன்றாக ஆற்றிக் கொடும். தோளில் போட்டுத் தட்டும். போய் வாரும்" என்றேன்.

அவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாடகத்தில் இது ஒரு கட்டம் என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். எனக்கு அந்தக் கைதட்டல் காதில் விழவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் "ங்க" போட்டது அதுதான் முதல் தடவை. இரண்டாம் சீன் வருவதற்குள் சின்னவள் அவர் தோளிலேயே தூங்கிவிட்டாள். நான் இல்லாமலும் அவள் அடங்குவாள் என்பது அன்றைக்குத்தான் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

மறுநாள் வீட்டில் மீசை இல்லை. "ஏமே, தண்ணி கொண்டா" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வந்து சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மீசையைப் பிய்த்ததும் ராஜ்யம் போய்விடுமா அக்கா?

வாத்தியார் நேற்று மறுபடி வந்தார். ஆடியில் நாட்றம்பள்ளியில் நாடகம். ராஜபார்ட் நான்தான். இந்தத் தடவை வீட்டில் யாரையும் கேட்காமல் தாம்பூலத்தை என் கையாலேயே வாங்கிக்கொண்டேன். மாலை அவர் வந்ததும் சொல்லப்போகிறேன். சின்னவளையும் அவரே தூக்கிக்கொள்ளட்டும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஆடிக்குள் ஒருநாள் மீசை இல்லாத இந்த முகத்தோடு, இந்த வீட்டின் நடுவில் உட்கார்ந்து "யாரங்கே" என்று கூப்பிடுவேன். யாரும் வராவிட்டால் போகட்டும். நானே எழுந்து ஓடமாட்டேன்.

சின்னவள் எழுந்துவிட்டாள். மாமியார் கூப்பிடுகிறார். கூப்பிடட்டும், கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

உன் மீசையைப் பத்திரமாக வைத்திருக்கும்
உன் மேடைப் பெண்டாட்டி,
சரோஜா