வாசலுக்கு வைத்த சீல்

பாசத்துக்குரிய மச்சானுக்கு,

கபருஸ்தான் வாசலில் நின்று அடங்கியவர்களுக்குச் சொல்வதைப் போலவே, உத்தமபாளையத்தில் என் பெயிண்ட் கடைக்குள் உட்கார்ந்தபடி உங்களுக்கு ஸலாம் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் போய் இந்தச் சாரலோடு மூன்று வருடம். இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவன் இப்போது எழுதுவது நல்ல சேதி சொல்வதற்காக இல்லை. என் மேல் எனக்கே வந்திருக்கிற அருவருப்பை எங்கேயாவது கொட்டியாக வேண்டும்.

அதை நான்கு பேர் பார்க்கக் கொட்ட வேண்டும் என்பதால்தான் பள்ளிவாசல் மலருக்கு இதைக் கொடுக்கிறேன். நீங்கள் போட்ட தரை ஆளை விழுத்தாட்டிவிட்டது என்று ஒரு வருடமாக நம் ஊரில் ஒரு பேச்சு. அது பொய். அந்தப் பொய்க்கு முதலில் தலையாட்டியவன் உங்கள் மனைவியின் தம்பியாகிய நான்தான்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். சார்ஜாவிலிருந்து திரும்பிய வருடம் கம்பத்து வீட்டு வாசலை நீங்களே போட்டீர்கள். கேட்டிலிருந்து படி வரை ஜீப் வருகிற பாதை, அதை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார ஒரு தளம். கான்கிரீட்டின் மேல் வருசநாட்டுப் பக்கமிருந்து வந்த கூழாங்கற்களைப் பரப்பி, பலகையால் தட்டி இறக்கினீர்கள். மேல்பூச்சு சீக்கிரம் இறுகிவிடாமல் இருக்க சீனித் தண்ணீர் தெளித்தீர்கள். தெருவே சிரித்தது. வாசலுக்கு சர்பத் கொடுக்கிறார் என்று நானும்தான் கேலி பேசினேன். மறுநாள் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவினீர்கள். சிமெண்ட் பால் போனதும் பழுப்பும் சிவப்பும் வெள்ளையுமாகக் கற்கள் தலை காட்டின. கேலி பேசியவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார்கள்.

அன்று நீங்கள் சொன்ன ஒரு வார்த்தை எவ்வளவு பெரிய கலாட்டா ஆயிற்று, நினைவிருக்கிறதா? இதற்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை சீல் வைக்க வேண்டும் என்றீர்கள். எதிர்வீட்டுக்காரர் அதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, வாசலை ரோட்டில் இழுத்துக் கட்டியதால் தாலுகா ஆபீஸிலிருந்து சீல் வைக்க வருகிறார்களாம் என்று கடைவீதி வரை சொல்லிவிட்டார். வந்த கூட்டத்துக்கெல்லாம் அக்கா டீ போட்டுப் போட்டு ஓய்ந்துபோனாள். தண்ணீரும் எண்ணெயும் கல்லுக்கு இடையில் இறங்காமல் இருக்க மேலே பூசுகிற மருந்துக்குத்தான் சீலர் என்று பெயர் என்பதை ஆளாளுக்கு விளக்கி நீங்களும் ஓய்ந்துபோனீர்கள்.

அந்த மருந்தை எர்ணாகுளத்திலிருந்து வரவழைத்துக் கொடுத்தவன் நான். பூசியது நீங்கள். மூன்று நாள் தரையைக் காயப் போடுவீர்கள். ஜீப் ஒழுகிய எண்ணெய்க் கறை மேல் மரத்தூள் போட்டு எடுப்பீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது உருண்டு நின்றால் இன்னும் தேவையில்லை என்று ரோலரைத் திரும்பக் கட்டி வைத்துவிடுவீர்கள். உள்ளே இறங்கினால்தான் பூசுவீர்கள், அதுவும் வெயில் ஏறுவதற்கு முன்னால். இன்னொரு கை அடித்தால் பளபளவென்று இருக்குமே என்று நான் ஒவ்வொரு முறையும் கேட்பேன்.

"மாப்ளே, மெல்லிசா ஒரே கை. தரை தரையாட்டம் இருக்கணும், கண்ணாடியாட்டம் இருக்கக் கூடாது." இதைத்தான் நீங்களும் ஒவ்வொரு முறையும் சொன்னீர்கள்.

பெயிண்ட் கடைக்காரனுக்கே பாடம் எடுக்கிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் எரியும். இப்போது சொல்வதற்கென்ன.

போன வருடம் பர்வீனுக்குக் கல்யாணம். உங்கள் மகள், மாப்பிள்ளை வீடு போடி. வீடியோக்காரர் இரண்டு நாள் முன்னாலேயே வந்து பார்த்துவிட்டு, வாசல் மங்கலாகத் தெரிகிறது என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. நீங்கள் இல்லாத வீட்டில் நான்தான் பெரிய ஆள் என்று காட்ட ஒரு சந்தர்ப்பம். சாரல் விட்டு ஒரு நாள்கூட ஆகவில்லை. தரையைக் கூட்டிவிட்டு ரோலரை எடுத்துவிட்டேன்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பெரிய கேடு வந்திருக்காது. மறுநாள் காலையில் அக்கா எழுந்து, ஓஸைப் பிடித்து வாசல் முழுக்கத் தண்ணீர் ஊற்றிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? நம் ஊரில் சிமெண்ட் வேலை முடிந்த மறுநாள் தண்ணீர் காட்டாத வீடு உண்டா? நீங்கள் தரை போட்டபோதும் வாரக்கணக்கில் தண்ணீர் ஊற்றியவள் அவள்தான். மருந்துக்கும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்திருக்கிறாள். சரியாகக் காயாத மருந்தில் ஈரம் பட்டு, வாசல் முழுக்கப் பால் சிந்தியது மாதிரி வெளுத்துப்போயிற்று.

நான் அவளைப் பார்த்துக் கத்தினேன். கல்யாண வீட்டு ஆட்கள் பார்க்க, எல்லாத்தையும் கெடுத்துட்டியேக்கா என்று கத்தினேன். அவள் ஓஸைக் கையில் பிடித்தபடி நின்றாள். மருந்தையே நான் ஈரத் தரையில்தான் பூசியிருந்தேன், தண்ணீர் ஊற்றாவிட்டாலும் அங்கங்கே வெளுத்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

வெளுப்பை மறைக்க அதே ஈரத்தின் மேல் இரண்டாவது கை, மதியம் மூன்றாவது கை. தடிமனாக, ஊற்றி இழுத்தேன். வழுக்காமல் இருக்க நீங்கள் கலக்கிற பொடியையும் போடவில்லை, போட்டால் பளபளப்புக் குறையும். சாயங்காலம் வாசல் பாகு காய்ச்சி ஊற்றியது போல மின்னியது. வீடியோக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மிச்சமிருந்த டப்பாக்களை மாடிக்கு எடுத்துப்போய்த் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் போட்டேன். எதற்கு ஒளித்தேன்? அப்போதே எனக்குத் தெரிந்திருக்கிறது, இல்லையா மச்சான்?

நிக்காஹ் முடிந்த மறுநாள் காலை லேசான தூறல். பெண்ணை அழைத்துப் போக வந்த சம்பந்தியம்மா கேட்டைத் தாண்டி நான்கு எட்டு வைத்தார்கள். அவ்வளவுதான். இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. தேனிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து, மாதக்கணக்கில் படுக்கை. இன்றைக்கும் நான்கு கால் வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் அந்தப் பேச்சு ஆரம்பித்தது. அவர்கள் உறவில் ஒருவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "அந்தத் தரை இறந்துபோனவுக போட்டதாம்ல. வெளிநாட்டு வேலைய நம்மூருக்குக் கொண்டாந்து இப்புடி ஆளத் தூக்கிப் போட்டுட்டாகளே."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஆமா, அவுக கல்லு வெளிய தெரியப் போட்டது அப்படி என்றேன். இத்தனை வருடம் மழையிலும் சாரலிலும் ஒரு கோழிகூட வழுக்கி விழாத தரையைப் பார்த்து அப்படிச் சொன்னேன்.

பேச்சு கம்பத்தில் பரவி, சின்னமனூர் வரை போயிற்று. நீங்கள் இதே மாதிரி போட்டுக் கொடுத்த வீடுகளில் இரண்டு பேர் தரையை உடைத்து டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். அக்கா வீட்டிலும் உடைத்துவிடலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னபோது, அவள் மறுபேச்சில்லாமல் சரி என்றாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உங்கள் சட்டை ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறவள் உங்கள் வாசலை உடைக்க ஏன் ஒத்துக்கொண்டாள் என்று அன்றே யோசித்திருக்க வேண்டும்.

போன மாதம் உடைக்கிற மிஷினுக்குச் சொல்லியாகிவிட்டது. அது வர ஒரு வாரம் இருக்கும்போது நான் கம்பத்துக்குப் போயிருந்தேன். வாசலைப் பார்த்தேன் மச்சான். மருந்து தோல் தோலாக உரிந்து நிற்கிறது. உரிந்த இடத்துக்கு அடியில் கறுப்பாகப் பாசி. உரியாத இடத்தில் கல்யாணத்தன்று சிந்திய பிரியாணி நெய், ஜரிகைக் காகிதம், வெற்றிலை எச்சில், எவருடைய முடியோ ஒரு கற்றை, வரிசையாகச் செத்த எறும்புகள், எல்லாம் அப்படியே உள்ளே ஒட்டிக்கிடந்தன. அந்தப் பளபளப்புக்குள் இதெல்லாம்தான் இருந்திருக்கிறது. கை வைத்தால் பிசுபிசுத்தது. அடியில் எங்கேயோ மங்கலாக உங்கள் கற்கள்.

அதைப் பார்த்தபிறகு என்னால் வீட்டுக்குள் போய் டீ குடிக்க முடியவில்லை. கடையிலிருந்து தின்னர் கேன்களை வரவழைத்தேன். ஊற்றி, பழைய சாக்கை மேலே போட்டு ஊறவைத்து, தகட்டால் சுரண்டினேன். முட்டி போட்டு ஐந்து நாள். நாற்றத்தில் தலை சுற்றியது. சுரண்டச் சுரண்டச் சளி மாதிரி வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு வழித்தலிலும் சீ, சீ என்று என்னையே சொல்லிக்கொண்டேன். அக்கா ஜன்னலில் வந்து பார்த்துவிட்டுப் போவாள். ஐந்தாம் நாள் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவியபோது பழுப்பும் சிவப்பும் வெள்ளையும் மறுபடி தலை காட்டின. ஈரத்தோடு அதன் மேல் நடந்து பார்த்தேன். உள்ளங்காலில் கல் சொரசொரவென்று பிடித்தது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் சம்பந்தியம்மாவையும் மாப்பிள்ளையையும் வரச் சொன்னேன். மாடியில் ஒளித்த டப்பாக்களை எடுத்துவந்து எல்லார் முன்னாலும் வைத்துவிட்டுச் சொன்னேன். காயாத தரை, மூன்று கை, பொடி போடாதது, ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசியது, ஒன்றையும் விடவில்லை. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். சம்பந்தியம்மா என்னை நெடுநேரம் பார்த்தார்கள். செத்த எலியைப் பார்க்கிற பார்வை. நியாயமான பார்வைதான்.

"தரை கெடக்கட்டும்," என்றார்கள் அக்காவிடம். "இவுகளக் கையில டப்பாவோட உள்ள விடாதீக."

அவர்கள் போனபிறகு அக்கா படியில் உட்கார்ந்தாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"நான் ஊத்துன தண்ணியாலதான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்லே," என்றாள். "ஊரே அவுகள ஏசுறப்ப, நாந்தான் செஞ்சேன்னு சொல்ல எனக்குத் தைரியம் வரல. அவுக மேல பழியப் போட்டுட்டு ஒரு வருசமா இங்கன உக்காந்து சோறு திண்டுருக்கேன். வாசலப் பாக்க முடியாமத்தான் ஒடைக்கச் சொன்னேன்."

மச்சான், உங்கள் பேரைக் கெடுத்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் மனைவி தினமும் காலையில் தன்னைத் துரோகி என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்திருக்கிறாள். அன்று ஓஸோடு அவளை நிற்க வைத்துக் கத்தினேனே, அந்த ஒரு கத்தலில் அவள் நம்பிவிட்டாள். பெயிண்ட் கடைக்காரத் தம்பி சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? என் வாய்க்கு நான் வைத்த சீல் அவள் வாயையும் சேர்த்து அடைத்துவிட்டது. இதற்கு எந்தத் தின்னரை ஊற்றுவது?

பிறகு அவள் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்குத்தான் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போய்க் குனிந்து, உங்களைப் போலவே ஒரு சொட்டுத் தண்ணீரைத் தரையில் விட்டாள். அது நிற்கவில்லை, உள்ளே இறங்கியது.

"எப்பப் பூசணும்?" என்றாள்.

மூணு நாள் காயணும்க்கா என்றேன்.

"மெல்லிசா ஒரே கை," என்றாள். "நானே பூசிக்கிறேன். நீ அங்கன கேட்டுக்கு வெளிய நின்னு சொல்லு."

அப்படியே நடந்தது மச்சான். அவள் ரோலரை இழுத்தாள், நான் தெருவில் நின்று கம்பி வழியாகச் சொன்னேன். மறுநாள் காலையில் ஓஸைத் தொட வேண்டாம் என்று அவளுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தரை இப்போது தரையாட்டம் இருக்கிறது.

இனி இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மருந்து என் கடையிலிருந்து வரும், நானும் வருவேன். அக்கா கேட்டைத் திறந்து கூப்பிடுகிற வருடம் வரை தெருவிலேயே நிற்பேன். உங்கள் தரையைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும், அங்கேயே நிறுத்தி, அதைக் கெடுத்தவன் நான்தான் என்று முதல் ஆளாகச் சொல்வேன்.

கேட்டுக்கு வெளியே நிற்கும்,
உங்கள் மச்சினன்
உத்தமபாளையம்