தேஜாவைக் கீழே படுக்கவைத்த கதை

கியான்யார், பாலி
12 மே 1994

அன்புள்ள பிளி,

கப்பலில் நலமா? பிளி, பிளி என்று புருஷனைக் கூப்பிட்டுப் பழகிய வாய் இங்கே சும்மா இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? நானும் தேஜாவும் நலம் என்றுதான் எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நூற்றைந்தாம் நாள் சடங்கு நன்றாக நடந்தது. உங்கள் பிள்ளையின் பாதம் முதல்முறையாக மண்ணில் பட்டது. அப்பாடா, இனி இவனை இறக்கிவைக்கலாம் என்று நினைத்தேன். எங்கே! சடங்கு வரைக்கும் கால் தரையில் படக்கூடாது, அவ்வளவுதானே வழக்கம்? எல்லோர் வீட்டிலும் கட்டிலில் போடுகிறார்கள். உங்கள் அக்கா மெர்த்தி அண்ணி அதற்கும் விடவில்லை. மூன்றரை மாதமாக இவன் பகல் தூக்கம் முழுவதும் அண்ணியின் தோளில்தான். இப்போது முதுகு பாயில் பட்டால் போதும், தேள் கொட்டியதுபோல அலறுகிறான்.

ஜூலை 18 பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். எனக்கு மூன்றாம் வகுப்பு. அன்று நான் போகவில்லை என்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். பக்கத்துத் தெரு ராய் அம்மா நாலு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். அவரிடம் கேட்டேன். "படுக்க வெச்சா தூங்குற பிள்ளைன்னா கொண்டா. தோள்ல தூங்குற பிள்ளைன்னா எனக்கு எத்தனை தோளு இருக்கு?" என்கிறார்.

அண்ணியோ, "எம் தம்பி கப்பல்ல சம்பாதிக்கிறான், நீ எதுக்குப் போய் பலகையில எழுதிக்கிட்டு நிக்கணும்?" என்கிறார். அவரால் பகல் முழுக்க வீட்டில் இருந்து தூக்க முடியாது. கோயில் வேலை இருக்கிறது, வயல் இருக்கிறது. அதைச் சொன்னால் என் பேச்சு எடுபடவில்லை. நீங்கள் ஒரு வரி எழுதுங்கள்: "அக்கா, குழந்தையைக் கீழே படுக்கவை." வேறெதுவும் எனக்கு வேண்டாம்.

உங்கள்
வார்த்தினி

*

கப்பலிலிருந்து
24 மே 1994

அன்புள்ள வார்த்தினி,

உன் கடிதம் கிடைத்தது. இதற்கா இவ்வளவு புலம்பல்? நான் சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு வேளைக்கு முப்பது பேருக்கு நேரம் தவறாமல் பரிமாறுகிறேன். உன்னால் ஒரே ஒரு ஆளைத் தூங்கவைக்க முடியவில்லையா? கோபப்படாதே, சும்மா சீண்டுகிறேன்.

ஒரு பயணி குழந்தை வளர்ப்புப் புத்தகம் ஒன்றை அறையில் விட்டுப் போய்விட்டார். ராத்திரியும் பகலுமாகப் படித்தேன். தூங்கின பிறகு படுக்கவைக்காதே. கண் சொருகும்போதே, விழித்திருக்கும்போதே படுக்கவை. தினமும் ஒரே நேரம், ஒரே வரிசை: உடம்பு துடை, பால் கொடு, ஒரு பாட்டு, பாய். அழுதால் பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக்கொடு, தூக்காதே. ஒரு வாரத்தில் பழகிவிடும் என்று போட்டிருக்கிறது. பிள்ளைக்குத் தூக்கம் நாம் கற்றுக்கொடுக்க வேண்டிய பழக்கம், தெரிந்ததா?

அக்காவுக்கு நான் எழுதினால் மனம் நோவாள். நீயே பக்குவமாகச் சொல்.

தேஜாவுக்கு முத்தம்.
அர்னாவா

*

கியான்யார்
20 ஜூன் 1994

அன்புள்ள பிளி,

பக்குவமாகச் சொன்னேன். உங்கள் புத்தகத்தின்படி உடம்பு துடைத்து, பால் கொடுத்து, பாடி, பாயில் போட்டேன். தேஜா வாயைத் திறந்த இரண்டாவது நிமிடம் அண்ணி சமையலறையிலிருந்து ஓடிவந்து தூக்கிவிட்டார். ஒருநாள் இல்லை, ஐந்து நாள்! ஆறாம் நாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். அவர் உடனே குறி கேட்கப் போய்விட்டார், இவனாகத் திரும்பப் பிறந்திருக்கும் முன்னோர் யார் என்று.

வந்து சொன்னார்: உங்கள் அப்பாவாம். அப்பாதான் திரும்பப் பிறந்திருக்கிறாராம். "இப்ப சொல்லுடி, எங்கப்பாவை அழவிட்டு வேடிக்கை பாப்பியா?" என்று கேட்கிறார். அதற்கு உங்கள் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் பதில் இருக்கிறது?

ஆனாலும் கேளுங்கள். போன வாரம் கோயில் திருவிழா. காணிக்கைப் படையல் செய்ய அண்ணி மூன்று நாளும் காலையில் போய் இருட்டித்தான் வந்தார். முதல்நாள் மதியம் தேஜா நாற்பது நிமிடம் அழுதான். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து தட்டிக்கொடுத்து நானும் அழுதேன். இரண்டாம் நாள் பதினைந்து நிமிடம். மூன்றாம் நாள் சிணுங்கினான், என் விரலைப் பிடித்துக்கொண்டான், தூங்கிவிட்டான். ஒன்றரை மணி நேரம்! எனக்குக் கையும் காலும் ஓடவில்லை, சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அண்ணிக்கு இன்னும் தெரியாது. அவர் வயலுக்குப் போகும் நேரமாகப் பார்த்துப் படுக்கவைக்கிறேன். என் பிள்ளையை நானே ஒளித்துத் தூங்கவைக்கிறேன், என்ன பிழைப்பு இது! இப்போதாவது அந்த ஒரு வரியை எழுதுங்கள்.

வார்த்தினி

*

கப்பலிலிருந்து
6 ஜூலை 1994

வார்த்தினி,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அப்பா என்று எனக்கு ஏன் முதலிலேயே சொல்லவில்லை? நான் எழுதியதையெல்லாம் மறந்துவிடு. புத்தகத்தைக் கடலில் போட்டுவிட்டேன்.

அப்பா கடைசி நான்கு நாளும் ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்து செத்தார். நான் கப்பலில் இருந்தேன். கூப்பிட்டால் ஏனென்று கேட்க அவருக்கு ஒரு நாதி இல்லை. இப்போது வந்து அழுகிறார், நீ நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். எப்படி மனசு வந்தது உனக்கு?

கீழே படுக்கவைக்காதே. வேலை போனால் போகட்டும். இதையெல்லாம் அக்காவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். அவள் சொல்கிறபடி கேள்.

அர்னாவா

*

கியான்யார்
27 ஜூலை 1994

பிளி,

எனக்கும் அண்ணிக்கும் நீங்கள் எழுதிய இரண்டு கடிதமும் இன்றைக்கு எட்டு நாள் முன்பு ஒன்றாக வந்தன. அதற்கு முந்தின நாள் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. நான் போகவில்லை. நான் ஒளித்துப் படுக்கவைப்பதை அண்ணி கண்டுபிடித்து, பிள்ளையை ராய் அம்மாவிடம் விடமாட்டேன் என்று தோளில் போட்டுக்கொண்டார். தலைமையாசிரியர் காலில் விழாத குறையாக இரண்டு நாள் தவணை வாங்கிவந்திருந்தேன். அந்த நிலையில் உங்கள் எழுத்தைப் படித்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைக் கிழித்துப்போட்டேன். ஒரு வரி கேட்டேன், இரண்டு மாதமாக. எழுதினீர்கள், எனக்கு எதிராக.

அண்ணி தனக்கு வந்ததை இரண்டு தடவை படித்தார். தேஜா தோளில் இருந்தான். பிறகு என்னிடம் கடிதத்தை நீட்டி, "நாதி இல்லைன்னு எழுதியிருக்கான், பாத்தியா?" என்றார்.

"நாலு நாளும் நான்தான் இருந்தேன். கட்டிலுக்குக் கீழ துண்டை விரிச்சு. மூத்திரம் எடுத்துப் போட்டதும் நான்தான். அவன் கப்பல்ல இருந்தான், அதனால யாருமே இல்லையாம். நான் ஆளில்லையா?"

நான் கடிதத்தை வாங்கி மடித்துவைத்தேன்.

அவரே சொன்னார்: "அப்பாவைத் தடவிக் குடுத்துக்கிட்டே இருந்தேன். விட்டாப் போயிடுவாரோன்னு பயம். கடைசி நாள் என்ன சொன்னார் தெரியுமா? கையை எடும்மா, கொஞ்சம் தூங்கவிடு, அப்படின்னார். நான் எடுக்கலை, வார்த்தினி. கடைசி வரைக்கும் எடுக்கவே இல்லை."

பிறகு எழுந்து, பாயைத் தானே தட்டி விரித்து, தேஜாவைப் படுக்கவைத்தார். அவன் அழுதான். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். தூக்கவில்லை. அவர் கை மட்டும் அவனை நோக்கிப் போனது, அதை நான் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டான்.

மறுநாள் அண்ணியே அவனை ராய் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார். நான் வகுப்புக்குப் போனேன்.

அண்ணியை உங்களுக்குப் பதில் எழுதச் சொன்னேன். மாட்டேன் என்கிறார். அக்டோபரில் வருவீர்களே, தேஜாவை அப்புறம் தூக்கிக்கொள்ளலாம். என்னோடு சண்டையும் அப்புறம் போடலாம். முதலில் உங்கள் அக்காவிடம் போய், அப்பாவை எப்படிப் பார்த்துக்கொண்டாய் என்று கேளுங்கள்.

வார்த்தினி