குளிர்சாதன அறையில் மாட்டப்பட்டுள்ள வெப்பமானியை வெளியே எடுத்து வைக்கக் கோருதல்

அனுப்புநர்
நகரசபைத் தலைவரின் மனைவி,
தலைவர் இல்லம்,
தண்ணீர்த் தொட்டித் தெரு.

பெறுநர்
மாவட்ட நிர்வாக அதிகாரி அவர்கள்,
மாவட்ட அலுவலகம்.

பொருள்: நகரசபை வெப்பமானியை உரிய இடத்தில் வைக்கவும், தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் பருவநிலை மாற்றம் குறித்து அடிப்படை வகுப்பு நடத்தவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எதிர்க்கட்சிக்காரர் எழுதவேண்டிய மனுவை வீட்டுக்காரி எழுதுகிறாளே என்று தாங்கள் நினைக்கக்கூடும். எனக்கும் இது மானக்கேடாகத்தான் இருக்கிறது.

1. இந்தக் கோடைக்கு முன் தங்கள் அலுவலகம் எங்கள் நகரசபைக்கு ஒரு வெப்பமானி வழங்கியது. நண்பகலில் அது நாற்பது டிகிரியைத் தாண்டினால் நகரசபைச் சங்கு ஒலிக்க வேண்டும், மாலை வரை வெளிவேலைகளை நிறுத்த வேண்டும் என்பது தங்கள் உத்தரவு.

2. என் கணவர் ரிப்பன் வெட்டி அதைத் திறந்துவைத்தார். அவ்வளவு நல்ல பொருளை மொட்டை மாடியில் போட மனம் வராமல், தம் அறையிலேயே, தம் படத்துக்குக் கீழே மாட்டச் சொன்னார். அந்த அறையில் காலை முதல் குளிர்சாதனம் ஓடும். வெப்பமானி இருபத்து நான்கு காட்டுகிறது. சங்கு ஒருநாள்கூட ஒலிக்கவில்லை.

3. சென்ற மாதக் கூட்டத்தில் அவர், "உலகம் சூடாகுது சூடாகுதுன்னு பயமுறுத்துறாங்க. போன வருஷம் நாப்பத்திரெண்டு, இந்த வருஷம் இருபத்திநாலு. என் நிர்வாகத்துல ஊரே குளுந்து போச்சு" என்று பேசினார். நிழற்பந்தல்களும் மரக்கன்றுத் திட்டமும் தேவையில்லையென்று ஒருமனதாக ரத்து செய்யப்பட்டன. நகரசபைப் பொறியாளர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையாளர் முன்வரிசையில் இருந்த நான் கைதட்டினேன். விஷயம் தெரியாமல் தட்டினேன். தெரிந்திருந்தாலும் தட்டியிருப்பேனோ என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

4. சென்ற வாரம் சாப்பாட்டுக் கேரியருடன் மாடியேறி அவர் அறைக்குப் போனபோது வியர்வையில் புடவை முதுகோடு ஒட்டியிருந்தது. சுவரில் இருபத்து நான்கு. என்ன இது என்று கேட்டேன். "வெளியே வெச்சா வெயில்ல மெஷின் சூடாயிடும்மா, அப்புறம் எப்படிச் சரியா காட்டும்?" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பொறியாளரிடம் போய்க் கேட்டால், "எங்க எல்லாருக்கும் தெரியுங்கம்மா. தலைவர்கிட்ட யாரு சொல்றது?" என்றார். வீட்டில் நான் சொல்லிப் பார்த்தேன். அரசியல் எனக்குப் புரியாது என்று பதில் வந்தது.

5. மூன்று நாட்களுக்கு முன், கடைத்தெருவில் உச்சிவெயிலில் தார் போட்டுக்கொண்டிருந்த பெண் ஒருவர் மயங்கி விழுந்தார். வெப்பத் தாக்கு என்கிறார் மருத்துவர். அந்தப் பெண்ணுக்கு இன்னும் யாரையும் அடையாளம் தெரியவில்லை. உத்தரவுப்படி சங்கு ஒலித்திருந்தால் அந்நேரம் அவர் நிழலில் உட்கார்ந்திருப்பார். மருத்துவமனைக்குப் பார்க்கப் போனேன். அவருடைய கணவர் எழுந்து தம் ஸ்டூலை எனக்குக் கொடுத்தார். "தலைவர் வீட்டம்மாவுக்கு வேர்க்குது பாருங்க" என்று, நோயாளிப் பக்கம் இருந்த மேசை விசிறியை என் பக்கம் திருப்பினார். நான் திருப்பி வைத்தேன். அவர் மறுபடியும் என் பக்கமே வைத்தார். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

6. என் கணவர் கெட்டவர் அல்லர், ஐயா. ஆத்திர அவசரத்துக்கு யார் கதவைத் தட்டினாலும் ஓடுகிறவர். ஒரு விஷயம் தெரியாது என்று சொல்ல மட்டும் அவருக்கு வெட்கம். படவேண்டிய மற்ற வெட்கத்தையெல்லாம் நான்தான் பட்டுக்கொண்டிருக்கிறேன்.

நாளை மறுநாள் பள்ளிக்கூடத் தெருவில் தார் வேலை தொடங்குகிறது. அதற்கு முன் வெப்பமானியை வெளியே, காற்றோட்டமான நிழற்பெட்டியில் வைக்க உத்தரவிட வேண்டுகிறேன். அதைக் கழற்ற அலுவலகத்தில் யாருக்கும் துணிவில்லையென்றால் எனக்கு ஓர் அனுமதிக் கடிதம் தாருங்கள்; கேரியர் பையில் போட்டு நானே எடுத்துவந்துவிடுகிறேன். ரத்தான பந்தல்களையும் மரக்கன்றுகளையும் மீண்டும் பரிசீலிக்கச் சொல்லுங்கள்.

மனு எழுதியது யாரென்று அவர் கேட்டால் மறைக்க வேண்டாம். வகுப்பு நடத்தும்போது அவரை முன்வரிசையில் உட்கார வையுங்கள். பக்கத்து நாற்காலியை எனக்கு ஒதுக்குங்கள். அன்று அந்தக் கூட்டத்தில் முதலில் கைதட்டியவள் நான்தான்.

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்து, தலைகுனிந்து ஒப்பமிடும்,

(ஒப்பம்)
தலைவரின் மனைவி

இடம்: தலைவர் இல்லம்
நாள்: மே 11