மூன்று முறையில் ஒரு பச்சை

அன்புள்ள உங்களுக்கு,

மாமாவும் பாப்பாவும் நானும் சுகம். நீங்களும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் பேசி முடித்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

உங்கள் அப்பா இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை தானாகவே போகிறார். வலது கைதான் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. பாதி எழுத்துக்குக் காற்றுதான் வருகிறது. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. நீங்கள் வந்து பார்ப்பதாகச் சொன்ன அதே குழாய்தான். பிளம்பரை வரச் சொல்லிவிட்டேன்.

போன வாரம் ஒருவர் வீடு தேடி வந்தார். பஸ் ஓட்டுகிறவர். ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது வலி மருந்து அளவுக்கு மீறி ஏறி, கண் விழிக்காமலே போனாளே, அந்தப் பெண்ணின் கணவர். மருந்து ஏற்றும் பம்ப்பைச் செய்த கம்பெனியில் போய்க் கேட்டிருக்கிறார். பம்ப்பில் பழுதில்லை, உள்ளே ஓடும் நிரலை மாற்றித் தந்த கம்பைலரில்தான் பிழை என்று, அதைச் செய்த நம் கம்பெனிப் பக்கம் கைகாட்டியிருக்கிறார்கள். நம் ஆபீசில் போய் நின்றிருக்கிறார். டெஸ்ட் ரன்னரை எழுதியவர் வேலையை விட்டுவிட்டார் என்று சொல்லி, என் முகவரியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். யார் கொடுக்கச் சொன்னது என்று நான் கேட்கப்போவதில்லை.

யூனிஃபார்ம் சட்டையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். டெஸ்ட் ரன்னர் என்றால் என்ன என்று கேட்டார். மனிதர்கள் எழுதுவதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றுவது கம்பைலர். அதில் யார் எந்த வரியைத் தொட்டாலும் ஆயிரக்கணக்கான குட்டி நிரல்களை அதற்குள் விட்டு, வர வேண்டிய விடை வருகிறதா என்று ஓட்டிப் பார்ப்பது நான் எழுதியது. சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு, ஒரே ஒரு சிவப்பு இருந்தாலும் வெளியே அனுப்பக் கூடாது என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அன்னிக்கு என்ன கலர் வந்துச்சும்மா?" என்றார்.

பச்சை என்றேன்.

"அப்போ நீங்கள்லாம் பாத்துதான் குடுத்திருக்கீங்க" என்று சொல்லி, தண்ணீர் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

அந்தப் பச்சை எப்படி வந்தது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். கழித்தல் கணக்கு டெஸ்ட் ஒன்று பத்துத் தடவைக்கு ஒரு தடவை சிவந்துகொண்டிருந்தது. ஒரே நிரல், ஒரே கணினி, விடை மட்டும் வேறு. கணினி நினைவகத்தில் இன்னும் எதுவும் எழுதப்படாத இடத்திலிருந்து கம்பைலர் எண்ணை எடுக்கிறது, இதைக் கண்டுபிடிக்காமல் விடாதீர்கள் என்று டீம் லீடரான உங்களிடம் மன்றாடினேன். வாடிக்கையாளருக்குத் தேதி கொடுத்தாகிவிட்டது என்றீர்கள். அந்த டெஸ்டுக்கு அப்பப்போ மூடு சரியிருக்காது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தீர்கள். என்னையும் சேர்த்துத்தான் சொன்னீர்கள் என்பது அறையில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று நான் லீவு போட்ட வாரம் பார்த்து என் ரன்னரைத் திறந்தீர்கள். சிவப்பு வந்தால் மறுபடி ஓட்டு, மூன்று முறையில் ஒரு முறை பச்சை வந்தாலும் பச்சைதான் என்று எழுதி வைத்தீர்கள். திரும்பி வந்து நான் சண்டை போட்டபோது, வீட்டுச் சண்டையை ஆபீசுக்குக் கொண்டுவராதே என்று அடக்கினீர்கள்.

அந்தப் பெண்ணுக்கு மருந்து ஒரு முறைதான் ஏறியது.

இப்போது, அந்த ஏற்பாடு ஆரம்பத்திலிருந்தே என் வேலைதான் என்று, அந்தச் சாவைப் பற்றி நடக்கும் விசாரணையில் நான் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். "நீதான் வேலைய விட்டுட்டியே, உனக்கு என்ன போகப்போகுது? எனக்கு எல்லாமே போயிடும்." இந்த வார்த்தை காதிலேயே நிற்கிறது. வேலையை ஏன் விட்டேன்? மாமா பக்கவாதம் வந்து விழுந்த மாதம்தான் உங்களுக்கு அந்த நாட்டில் பதவி வந்தது. இரண்டு பேரில் ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும் என்றீர்கள். அந்த ஒருவர் யார் என்று நாம் பேசக்கூட இல்லை. நான் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நிரல்களைப் புது சர்வருக்கு மாற்றியபோது, யார் எதைத் திருத்தினார்கள் என்ற பழைய விவரமெல்லாம் வராமல் போய்விட்டதாமே. கவனக்குறைவு என்கிறீர்கள். ஒரு அரைப்புள்ளி விடுபட்டாலும் என்னைக் கூப்பிட்டுக் காட்டியவர் நீங்கள்.

மாமாவிடம் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகத்தை மறைக்க முடியவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "அவனா செஞ்சான்?" என்று இழுத்து இழுத்துக் கேட்டார். ஆமாம் என்றேன். நேற்று நீங்கள் கூப்பிட்டபோது அவர் தூங்குகிறார் என்றேன் அல்லவா? தூங்கவில்லை. போன் அடித்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த மாத ஆரம்பத்தில் விசாரணை அதிகாரி என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நடந்ததை நடந்தபடி சொல்லப்போகிறேன். இதை உங்களுக்குத் தெரியாமல் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அதற்கு முன்னால் நீங்கள் வந்துவிடுங்கள். நீங்களே உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். நான் சொல்லித்தான் தெரிந்தது என்றால், பாப்பா பெரியவளாகி நம் இரண்டு பேரையும் எந்த முகத்தோடு பார்ப்பாள்? ஏர்போர்ட்டுக்கு நானே வருகிறேன். விசாரணைக்கும் கூட வருகிறேன். நீங்கள் பேசி முடித்து வெளியே வரும்வரை வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். குளிர் என்று சொன்னீர்கள், காதை மூடிக்கொண்டு போங்கள். வந்துவிடுங்கள்.

இன்றுவரை உங்களை நம்பியிருக்கும்,
உங்கள் மனைவி