என் இலக்கத்தில் நின்றவன்

5 ஒக்டோபர் 2009, திங்கள்

மழை. விடிந்ததிலிருந்து விடவில்லை. மூன்றாம் பம்ப் பழுது. வந்தவர்கள் எல்லாம் என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள், நான்தான் கழற்றி வைத்த மாதிரி.

வாங்க: பால், வெண்டைக்காய், மீராவுக்கு வெள்ளைச் சொக்ஸ், இவருக்கு இருமல் மருந்து.

பதினொரு மணிக்குப் பொலிஸ். ஒரு பெண், ஒரு ஆண், சாதாரண உடுப்பு. எங்கள் பெற்றோல் செட் மனேஜர் குலம் அண்ணையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். முக்கால் மணி நேரம். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

சொன்னது இதுதான். ஏப்ரலில் எங்கள் செட்டில் பெற்றோல் அடித்தவர்களின் பாங்க் கார்ட்டுகளை யாரோ நகல் எடுத்திருக்கிறார்கள். காசு வாங்கும் டில்லுக்குக் கீழே சின்ன மெஷின் ஒன்று வைத்து அதில் கார்ட்டை இழுத்திருக்க வேண்டுமாம். அந்த நகல்களால் வேறு ஏதோ நாட்டில் பணம் எடுபட்டிருக்கிறது. பறிகொடுத்தவர்கள் எல்லாரும் வந்துபோன ஒரே இடம் எங்கள் செட். எட்டு நாட்கள். எட்டு நாளும் அந்த நேரத்தில் டில் திறந்திருந்தது ஒரே ஆளின் வேலை இலக்கத்தில்.

இலக்கம் என்னுடையது.

16ஆம் திகதி வெள்ளி, பொலிஸ் நிலையத்தில் விசாரணை. வக்கீல் தருவார்களாம், மொழிபெயர்ப்பாளரும். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்றேன். இருந்தாலும் ஒருவரைக் கேளுங்கள் என்றாள் அந்தப் பொலிஸ்காரி. நல்லவள் மாதிரித்தான் இருந்தாள். அதுதான் இன்னும் பயம்.

வீட்டுக்கு வந்ததும் கலண்டரில் ஏப்ரலைப் புரட்டிப் பார்த்தேன். அந்த எட்டு நாளும் நான் செட்டில் இல்லை. இந்த நாட்டுப் பாராளுமன்றத்துக்கு முன்னால் சனத்தோடு சனமாக நின்றேன், வன்னியில் குண்டு போடுவதை நிறுத்து என்று கத்திக்கொண்டு. செட்டில் எல்லாரும் லீவு கேட்டதால் குலம் அண்ணை ஒருவருக்கும் கொடுக்கவில்லை. அதனால் என் இடத்தில், என் இலக்கத்தில், ரூபனை நிறுத்திவிட்டுப் போனேன். ரூபன் இவரின் தம்பி. எங்களோடுதான் இருக்கிறான். வேலை செய்ய அனுமதி இல்லை, அகதி வழக்கு தோற்றுவிட்டது. ஒருவர் பெயரில் இன்னொருவர் நிற்பது இங்கே எங்கள் ஆட்களிடம் வழக்கம்தான். கடையில், செட்டில், எங்கும். யாரும் அதைக் களவு என்று நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை.

6 ஒக்டோபர், செவ்வாய்

மழை இல்லை. தலையிடி. பனடோல் 2.

இவர் வேலைக்குப் போன பிறகு ரூபனிடம் கேட்டேன். அவன் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். நம்ப அவ்வளவு ஆசையாக இருந்தது.

"ஓம் அண்ணி. நான்தான்."

கத்தியை வைத்துவிட்டு அழுதான். ஒருவன் வந்தானாம். பெயர் சொல்லமாட்டானாம். மெஷினை எட்டு நாள் வைத்தால் போதும், காசு வேண்டாம், அதற்குப் பதிலாக அம்மாவை வவுனியா அகதி முகாமிலிருந்து வெளியே எடுத்துத் தருகிறேன் என்றானாம்.

"எங்களுக்கு வேற வழி இருந்ததோ அண்ணி? நீங்கள் அங்க நிண்டு கத்தினனீங்கள். யார் கேட்டது?"

கன்னத்தில் அறையலாம் போல் இருந்தது. அறையவில்லை. ஓகஸ்டில் மாமி, இவர்களின் அம்மா, முகாமிலிருந்து வெளியே வந்தபோது முருகன் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தவள் நான். நான் கத்தியதைக் கேட்டுத்தான் முருகன் இரங்கினார் என்று நினைத்தேன். விசரி.

8 ஒக்டோபர், வியாழன்

குளிர் தொடங்கிவிட்டது. ஹீட்டர் போடவில்லை.

செட்டுக்குப் போனேன். குலம் அண்ணை வாசலிலேயே மறித்தார்.

"பிள்ளை, இது முடியுமட்டும் வீட்டில நில். மேலிடத்தின்ர ஓடர்."

"அண்ணை, ரூபன் நிண்டது உங்களுக்குத் தெரியும்தானே?"

"எனக்கொண்டும் தெரியாது. நான் அண்டைக்கெல்லாம் பின்னுக்கு ஸ்டொக் பார்த்தனான்."

எட்டு நாளும் ஸ்டொக் பார்த்தாராம். ரூபனுக்குத் தன் கையால் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்த மனுசன். விசா இல்லாத ஆளை நிறுத்தியது தெரிந்தால் அவருக்கும் வேலை போகும். புரிகிறது. எல்லாருடைய நியாயமும் எனக்குப் புரிகிறது, அதுதான் என் பிழை.

திரும்பும்போது பூனைச் சாப்பாடு வாங்க வரும் கிழவர். வெள்ளைக்காரர், தனியாள், ஆறு வருடமாகத் தெரியும். கார்ட் மெஷின் எழுத்துக் கண்ணுக்குத் தெரியாது என்று என்னைத்தான் வாசிக்கச் சொல்லுவார். அவருடைய கார்ட்டும் போயிருக்கிறது. கையைப் பிடித்துக்கொண்டு, பொலிஸ் வந்து கேட்டது, அந்தப் பெண்ணாக இருக்கவே முடியாது என்று சொல்லிவிட்டேன் என்றார். நன்றி சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுகை. பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு சீட்டுக்குப் போனாள்.

10 ஒக்டோபர், சனி

மீராவைத் தமிழ் வகுப்பில் விட்டேன். மற்ற அம்மாமார் தீபாவளிக்கு என்ன செய்கிறீர்கள் என்று ஆளையாள் கேட்டார்கள். இந்த வருடம் ஒன்றுமில்லை என்பதுதான் எல்லாருடைய பதிலும். எனக்கு அது வசதி.

மத்தியானம் இவர் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் வந்து இருந்தார். இந்த மனுசன் என்னோடு இப்படி இருந்து கதைத்து எத்தனையோ மாதம்.

"ரஞ்சி, உன்னட்டை பிரெஞ்ச் பாஸ்போர்ட் இருக்கு. உன்னை ஒருத்தரும் எங்கயும் அனுப்பேலாது. அவனைப் பிடிச்சால் நேர பிளேன்ல ஏத்துவாங்கள். கொழும்பில இறங்கினால் என்ன நடக்கும் எண்டு உனக்குத் தெரியும்."

"அப்ப நான் கள்ளியோ?"

"முதல் தரம். பிள்ளை வேற இருக்கு. ஜெயில் போடமாட்டாங்கள் எண்டு விசாரிச்சனான். நீதான் நிண்டனி எண்டு மட்டும் சொல்லு, மிச்சம் ஒண்டும் தெரியாது எண்டு சொல்லு. பேசாமல் இருந்தால் வேற ஆளைத் தேடுவாங்கள். ஒரு கேஸ் அவன்ர பேரில விழுந்தால் பிறகு உலகத்தில எந்த நாடும் அவனை எடுக்காது."

"பள்ளிக்கூடம்?"

அவர் நிலத்தைப் பார்த்தார்.

பள்ளிக்கூடம் என்றால் இதுதான். மீராவின் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் சும்மா போய்ச் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிப்புச் சொல்லிக் கொடுத்தேன். செப்டெம்பரில் அவர்களாகவே வேலைக்கு எடுத்தார்கள். வகுப்பு உதவியாளர். பொலிஸ் பதிவு சுத்தம் என்று கடிதம் வந்தால் அரைத் தவணை விடுமுறை முடிய வேலை தொடக்கம். பாரிஸில் ஹோட்டல் கட்டில் விரித்தேன், இங்கே பெற்றோல் விற்றேன், பதினாறு வருடத்தில் எனக்கென்று கிடைத்தது இது ஒன்று. பதிவில் கள்ளி என்று விழுந்தால் இந்த நாட்டில் எந்தப் பிள்ளைக்குப் பக்கத்திலும் என்னை விடமாட்டார்கள்.

இவருக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

12 ஒக்டோபர், திங்கள்

உடுப்புத் தோய்த்தேன். காயவில்லை.

மாமி வவுனியாவிலிருந்து போன். இவர் ஏதோ சொல்லியிருக்கிறார், எவ்வளவு என்று தெரியாது. மாமி வழக்கமாக என்னோடு இரண்டு நிமிடம் கதைப்பார், கறி என்ன, பிள்ளை என்ன. இன்று "அம்மா" என்று கூப்பிட்டார் என்னை.

"அம்மா, எனக்கு நாலு பிள்ளை. ரெண்டு பேர்தான் மிச்சம். சின்னவன்ர உயிர் உன்ர கையில."

லைன் அறுந்துபோனது. அல்லது மாமி வைத்தாரோ தெரியாது. சாப்பிடவில்லை.

யாராவது ஒருவர் என்னை மிரட்டினால் எதிர்த்து நிற்பேன். எல்லாரும் கெஞ்சுகிறார்கள்.

13 ஒக்டோபர், செவ்வாய்

இன்று உண்மையைச் சொல்வது என்று முடிவெடுத்தேன். காலை பத்து மணிக்கு. பின்னேரம் மூன்றரைக்கு மீராவைக் கூட்டப் போகும்போது அந்த முடிவு இல்லை. ஏன் என்று எழுத வராது.

மீரா: "அம்மா, வை ஆர் யூ நொட் அற் வேர்க்?" லீவு என்றேன். "நீங்கள் லீவே எடுக்கிறேல்லையே." எடுத்தேன் பிள்ளை, ஒருதரம், எட்டு நாள்.

14 ஒக்டோபர், புதன்

வெயில். அநியாயத்துக்கு நல்ல வெயில்.

பொலிஸ் வீட்டுக்கும் வரலாம், அதனால் ரூபன் கொஞ்ச நாள் டூட்டிங்கில் ஒரு சிநேகிதன் வீட்டில் நிற்கட்டும் என்றார் இவர். புட்டும் முட்டைப் பொரியலும் கட்டிக் கொடுத்தேன். ஏன் கட்டினேன்? பசிக்கும் என்று. கை தானாகச் செய்தது. வாசலில் நின்று "அண்ணி" என்றான். "போ, பஸ் போயிடும்" என்றேன்.

அவன்மேல் கோபமா, பாவமா, தெரியவில்லை. இரண்டும்தான்.

15 ஒக்டோபர், வியாழன்

பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணினேன். அவர்கள் கடிதம் பார்த்து வேண்டாம் என்று சொல்வதை என்னால் தாங்க ஏலாது, நானே சொல்லிவிடுவது மேல். வீட்டுப் பிரச்சினை, வேலைக்கு வர முடியாது என்றேன். அலுவலகத்தில் இருக்கும் பெண், பிள்ளைகள் உங்களைத் தினமும் கேட்கிறார்கள், மனம் மாறினால் நாளைக்குள் சொல்லுங்கள் என்றாள்.

நாளைக்கு: பாஸ்போர்ட், வீட்டு விலாசத்துக்குக் கரண்ட் பில், பொலிஸ் கடிதம், தண்ணிப் போத்தல், டிஷூ.

இன்னும் ஒன்று. என் போனில் ஒரு படம் இருந்தது. பாராளுமன்றத்துக்கு முன்னால் நான், கையில் சுலோகம் எழுதிய மட்டை பிடித்துக்கொண்டு, பின்னால் பெரிய மணிக்கூட்டில் நேரம்கூடத் தெரியும். படத்தில் திகதியும் இருந்தது. நான் டில்லில் நிற்கவில்லை என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி. இவர் அழி என்று சொல்லவில்லை. "அந்தப் படம் இன்னும் இருக்கோ?" என்று மட்டும் கேட்டார்.

அழிக்கவா என்று போன் கேட்டது. ஓம் என்று அழுத்தினேன். சின்ன வேலை. ஒரு விரல்.

16 ஒக்டோபர், வெள்ளி

9.40க்குப் போனேன். ஜன்னல் இல்லாத அறை. டேப் ஓடியது.

வக்கீல் இளம் பெடியன், நல்லவன். பதில் சொல்லாமல் இருக்கலாம், அதுதான் உங்களுக்கு நல்லது என்று இரண்டு தரம் சொன்னான். மொழிபெயர்ப்பாளர் ஹரோவிலிருந்து வந்தவர், எங்கள் ஊர்ப் பக்கம், ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் தாலிக்கொடி, நெற்றியில் விபூதி. என்னை நேரே பார்க்கவில்லை. அவருக்குக் கூச்சம் என் சார்பிலா, தன் சார்பிலா?

பொலிஸ்காரி கேட்டாள். அவர் தமிழில் சொன்னார்:

"அந்த எட்டு நாளும் டில்லில நிண்டது நீங்கள்தானோ?"

"ஓம்."

"உங்கட இலக்கத்தை வேற ஆரும் பாவிச்சவையோ?"

"இல்லை."

பொலிஸ்காரி அதே கேள்வியை வேறு வேறு விதமாக மூன்று தரம் கேட்டாள். வேறு ஒரு பெயர் வர வேண்டும் என்று அவளே விரும்பியது முகத்தில் தெரிந்தது. வீட்டில் யார் யார், யாருக்காவது பயமா என்றுகூடக் கேட்டாள். மூன்றாம் தரம் கேட்டபோது மொழிபெயர்ப்பாளர் தன்பாட்டில், "யோசிச்சுச் சொல்லுங்கோ தங்கச்சி" என்று ஒரு சொல் சேர்த்தார். யோசித்தேன். மாமி நினைவு வந்தார்.

"நான்தான் நிண்டனான். வேற ஒருத்தரும் இல்லை."

அவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். என் வாயால் வந்ததைவிட அது இன்னும் உறுதியாகக் கேட்டது. கையெழுத்து. விரல் அடையாளம், பத்து விரலும். படம், நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. வழக்குப் பதிவாகும், கடிதம் வரும் என்றார்கள். பகல் ஒன்றரைக்கு வெளியே விட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ்ஸை விட்டேன், ஏறத் தோன்றவில்லை.

இவர் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். சொன்னேன். அழுதார். காலைப் பிடிக்க வந்தார், இழுத்துக்கொண்டேன். தேத்தண்ணி போட்டுத் தந்தார். கல்யாணம் கட்டி இன்றுதான் முதல்தரம். சீனி கூடிப்போச்சு.

ஐந்து மணிக்கு என் போன் அடித்தது. நீளமான இலக்கம், தெரியாதது.

"அண்ணி, நான் ரூபன். ரொறொன்ரோவில நிக்கிறன்."

"எங்க?"

"கனடா அண்ணி. அண்ணை சொல்லேல்லையோ? நேற்று மத்தியானமே வேற ஆளின்ர பாஸ்போர்ட்டில வந்து இறங்கிட்டன். எயார்போர்ட்டிலயே அகதிக் கேஸ் குடுத்தாச்சு, விட்டிட்டாங்கள்."

இவரைப் பார்த்தேன். எழுந்து குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார்.

"அண்ணி, கேக்குதோ? இனி ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. விசாரணையைத் திங்கக்கிழமைக்குத் தள்ளிப் போட்டாங்கள் எண்டு அண்ணை சொன்னவர். நல்லதாப் போச்சு. போய் என்ர பேரைச் சொல்லுங்கோ. நான்தான் நிண்டனான் எண்டு சொல்லுங்கோ. இஞ்ச எனக்கு என்ன நடந்தாலும் பரவாயில்லை, உங்கட பள்ளிக்கூட வேலை போகக்கூடாது. சொல்லுவியள்தானே?"

"விசாரணை இண்டைக்குக் காலமையே முடிஞ்சுது" என்றேன்.