மனமொத்த மாறுதல்

செப்டம்பர் 9, திங்கள்

இன்று ஹெட்மாஸ்டர் ரொசெந்தோ என்னைக் கூப்பிட்டு வைத்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். காலை பத்தரை மணிக்கு நாலாம் வகுப்புப் பிள்ளைகளை மைதானத்தில் ஓடவிட்டேனாம். உடற்பயிற்சி டீச்சர் பின்னே என்ன செய்வாள்? எங்கள் மலையூர் ஹீக்கோவில் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தாலே போதும், கணக்குப் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை வெளியே ஓட்டிக்கொண்டு போவோம். அந்தப் பழக்கத்தில் செய்துவிட்டேன். இரண்டாவது சுற்றிலேயே ஒரு பையன் சுருண்டு உட்கார்ந்துவிட்டான்.

"எட்டரைக்கு மேல யாராச்சும் பிள்ளைங்களை வெளிய விடுவாங்களா டீச்சர்? இது உங்க வெராக்ரூஸ் மலை இல்ல. எர்மொசீயோ, பாலைவனம்!"

பையன் அரை மணியில் எழுந்து ஐஸ் தின்றான். நான்தான் மதியம் வரை அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நாளையிலிருந்து எட்டரைக்கு மேல் வகுப்பறைக்குள்ளேயே பெஞ்சைத் தள்ளிவிட்டு, கையைத் தூக்கு, இறக்கு. இதற்கா நாலு வருஷம் படித்தேன்?

செப்டம்பர் 12

நாற்பத்து நாலு டிகிரி. குழாயில் எந்தப் பக்கம் திருகினாலும் வெந்நீர்.

செப்டம்பர் 15, ஞாயிறு

நிரந்தர வேலை வேண்டும் என்று தேர்வு எழுதினேன். பாஸானேன். காலியிடம் இருந்தது நாட்டின் மறுகோடியில், இங்கே மட்டும். வந்து நாலு வாரம் ஆகிறது, ஒரு நாள்கூட ஒழுங்காக நடக்கவில்லை. ஊரில் காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் அருவி வரை போய் வருவேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் மலை. இங்கே அறைக்குள் சுவருக்குச் சுவர் ஏழே தப்படி. எண்ணியாகிவிட்டது. ஏசி இரைச்சலில் தலை வலிக்கிறது, நிறுத்தினால் உடம்பு வேகிறது. சாயங்காலம் சைக்கிளை எடுத்தேன். கைப்பிடியைத் தொட்டதும் உள்ளங்கை பொசுங்கியது. சைக்கிளை ஓங்கி உதைத்துவிட்டு உள்ளே வந்து அழுதேன். இருபத்தாறு வயசுக் கழுதை, சைக்கிளுக்காக அழுகிறேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். மனமொத்த மாறுதல். ஒரே வேலையில் இருக்கும் இரண்டு வாத்தியார்கள் ஒத்துக்கொண்டால் அவன் இடத்துக்கு இவள், இவள் இடத்துக்கு அவன். மே மாதத்துக்குள் இரண்டு பேரும் அவரவர் ஊர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒருத்தர் போடாவிட்டாலும் போச்சு.

போனில் இருக்கிற ஆசிரியர் குழுவில் எழுதிப் போட்டேன்: 'எர்மொசீயோவில் உடற்பயிற்சி ஆசிரியை. வெராக்ரூஸ் மலைப்பக்கம் எந்த ஊரானாலும் சம்மதம்.'

நாலாம் வகுப்பு டீச்சர் மொன்ச்சா படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அடியே மேகத்துல பொறந்தவளே! ஒரு கோடையைக்கூட முழுசாப் பார்க்கலை, அதுக்குள்ள மூட்டை கட்டறியா?"

அக்டோபர் 6

கிடைத்துவிட்டார்! பெயர் ஃபெர்மீன். எங்கள் ஹீக்கோவுக்கும் மேலே, மலை உச்சிப் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியார். சொந்த ஊர் எர்மொசீயோ. இதில் ஆச்சரியம், அவர் மகள் மரீட்சா என் நாலாம் வகுப்பிலேயே இருக்கிறாள். முதல் வரிசை, இரட்டைப் பின்னல், நன்றாக ஓடுவாள். ஆறு வருஷமாக அவர் அங்கே, மனைவியும் மகளும் இங்கே. வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து போகிறார்.

"டீச்சர், நீங்க தெய்வம் மாதிரி வந்தீங்க" என்றார். போனில் மழைச் சத்தம் கேட்டது. பொறாமையாக இருந்தது.

அக்டோபர் 13, ஞாயிறு

மதியம் கதவைத் தட்டியது ஃபெர்மீனின் மனைவி எல்வீரா. குட்டையான பெண், வாய் ஓயாமல் பேசுகிறாள். கையில் ஒரு பொட்டலம் உப்புக்கண்டம், தலையணை உறை அளவுக்குக் கோதுமை ரொட்டிகள்.

"வெயில் எப்படி டீச்சர், தாங்க முடியலையா?"

"செத்துட்டு இருக்கேங்க."

"அப்பாடா!" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்தோம். ரொட்டி அருமை. நின்றுகொண்டே நாலு தின்றேன்.

அக்டோபர் 20

மொன்ச்சா காலை நாலரைக்கு வந்து ஹாரன் அடித்தாள். பாச்சோக்கோ குன்று ஏறணுமாம். நான் ஊரில் வாழ்நாள் முழுக்க மலை ஏறினவள், எனக்கு ஒரு குன்றா என்று நினைத்தேன். பாதி வழியில் நாக்கு வெளியே தள்ளியது. என்னைத் தாண்டி ஒரு தபால்காரரும் இரண்டு கர்ப்பிணிகளும் பேசிக்கொண்டே போனார்கள். எல்லார் கையிலும் முந்தின நாளே கல்லாக உறையவைத்த தண்ணீர் பாட்டில். நான் கொண்டுபோனது சாதாரணத் தண்ணீர், உச்சி போகும்போது அது கஷாயம்.

ஆறரைக்கெல்லாம் கீழே இறங்கிவிட்டோம். அவர்களுக்கு நாள் அங்கேயே முடிந்துவிட்டது போல, போய்த் திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். அட, இந்த ஊரில் நடக்க நேரம் இல்லாமல் இல்லை. எனக்குத்தான் அந்த நேரம் தெரியவில்லை.

நவம்பர் 24

இந்த வாரம் நாலு தடவை ஏறினேன். எல்வீரா வெல்ல ரொட்டி கொண்டுவந்தாள். "இன்னும் கஷ்டமா இருக்கா?" "ரொம்ப." கால்வலியைச் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜனவரி 19, ஞாயிறு

மொன்ச்சாவின் குழுவோடு ஊருக்கு வெளியே நாள் முழுக்க நடந்தேன். இருபத்திரண்டு கிலோமீட்டர். குளிர்காலம் என்பதால் மதியத்திலும் நடக்க முடிந்தது. கள்ளிகளுக்கு நடுவே வழி என்று ஒன்று தனியாக இல்லை. அதோ அந்த மலை என்று கை காட்டினால் அதை நோக்கிப் போக வேண்டியதுதான். ஹீக்கோவில் இருபத்தாறு வருஷம் நடந்திருக்கிறேன், பத்தடிக்கு அப்பால் எதையும் பார்த்ததில்லை. மரம், பனி, மழை. எங்கே போகிறோம் என்று தெரியாமலே போய்ச் சேர்வோம். இங்கே போகிற இடம் காலையிலிருந்து கண் முன்னால் நிற்கிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது. எழுதிவிட்டேன். பிடித்திருக்கிறது.

ஐயோ.

ஜனவரி 26

எல்வீரா: "குளிர்காலத்தைப் பார்த்து ஏமாந்துடாதீங்க டீச்சர். இது சும்மா வேஷம். மே மாசம் வரட்டும், தோலை உரிச்சிரும்."

"தெரியும்ங்க" என்றேன். அவள் போன பிறகு, அவள் கொண்டுவந்த ரொட்டியைப் பாதியிலேயே மூடி வைத்தேன். இப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கணும். என்னவென்று சொல்வது? எனக்கே உறுதியாகத் தெரியவில்லையே. மே வந்தால் நானே ஓடிவிடுவேனோ என்னவோ.

பிப்ரவரி 16, ஞாயிறு

குன்றிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தேன். மொன்ச்சா ஏதோ சொன்னாள், நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். முகமெல்லாம் கருத்துப்போய், காலெல்லாம் புழுதி. நிமிர்ந்தால் எதிரே எல்வீரா, காலைப் பூசைக்குப் போகிற உடுப்பில், மரீட்சாவின் கையைப் பிடித்தபடி நிற்கிறாள்.

"நல்லா இருக்கீங்க டீச்சர்" என்றாள். அவ்வளவுதான். மரீட்சாவை இழுத்துக்கொண்டு பூசைக்குப் போய்விட்டாள்.

மார்ச் 11

படிவம் வந்துவிட்டது. ஃபெர்மீன் அவர் பக்கத்தில் முதல் நாளே கையெழுத்துப் போட்டுவிட்டார். படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். நான் கையெழுத்துப் போடக் கடைசி நாள் மே ஒன்பது, மூன்று மணி.

மார்ச் 23

எல்வீரா வருவதில்லை. ரொட்டியும் இல்லை. மரீட்சா மட்டும் என்னைப் பார்த்தால் ஓடிவந்து, "அப்பா வந்ததும் கார் ஓட்டக் கத்துத் தரேன்னிருக்காரு" என்கிறாள். ஒன்பது வயசில் என்ன காரோ.

ஏப்ரல் 27

அம்மா போனில்: "உன் ரூமுக்குச் சுண்ணாம்பு அடிச்சாச்சுடி."

மே 4, ஞாயிறு

நாற்பத்தொன்று. தூக்கம் இல்லை. எழுந்து உட்காருகிறேன், படுக்கிறேன், பிரிட்ஜைத் திறந்து பார்க்கிறேன், மூடுகிறேன்.

எனக்கு வேண்டியது இந்த வெயில்தானா? இல்லை, திரும்பிப் போனால் தோற்றுப் போனவளைப் போல இருக்கும் என்கிற வீம்பா? மொன்ச்சாவிடம் கேட்டேன். "உன் மனசு என் பையில இல்லடி. ஆனா ஒண்ணு சொல்றேன், போறதானாலும் இருக்கிறதானாலும் அந்த எல்வீராகிட்ட வாயைத் திறந்து பேசு." பேசுகிறேன், நாளைக்குப் பேசுகிறேன்.

மே 7

பேசவில்லை.

மே 9, வெள்ளி

படிவத்தோடு பன்னிரண்டு மணிக்கே போய்விட்டேன். அலுவலகத்துக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். தகரக் கூரை, கொதிக்கிறது. ஒரு மணி. இரண்டு. உள்ளே போக வேண்டும், பேனாவை எடுக்க வேண்டும், நாலு எழுத்துக் கிறுக்க வேண்டும். ஒரு குடும்பம் சேர்ந்துவிடும். என் வீட்டில் சுண்ணாம்பு அடித்த அறை காத்திருக்கிறது. யாருக்கும் நஷ்டமில்லை, எனக்கு மட்டும்தான். அந்த ஒருத்தி ஏன் நானாக இருக்க வேண்டும் — இப்படித்தான் யோசித்தேன், மறைக்கவில்லை. மூன்று மணிக்குக் காவலாளி வந்து கதவைச் சாத்தினார். நான் எழுந்திருக்கவே இல்லை. போடல. போட முடியல. நான் என்ன பண்ணுவேன்?

மே 10

ஃபெர்மீனுக்குப் போன் செய்தேன். அங்கே அடைமழை, பள்ளிக்கூடம் தகரக் கூரை போலிருக்கிறது. "நான் கையெழுத்துப் போடவில்லை" என்றேன்.

"கேட்கல டீச்சர். மழை. இன்னொரு தடவை சொல்லுங்க."

இன்னொரு தடவை சொன்னேன். கத்திச் சொன்னேன்.

பிறகு, "சரிங்க டீச்சர்" என்று வைத்துவிட்டார். திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மே 12, திங்கள்

பள்ளி வாசலில் எல்வீரா. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்தினாள்.

"உங்களுக்கு ஊர் பிடிச்சுப்போச்சுன்னு எனக்கு பிப்ரவரிலயே தெரியும். என் ஊரு, யாருக்குத்தான் பிடிக்காது? அது தப்பே இல்ல. ஆனா அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற ஆளைத் தேடியிருப்போமே டீச்சர். மூணு மாசம் இருந்துச்சு. நான் தினம் சொல்லுவீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

போகாமல் இருந்தது தப்பா என்று தெரியாது. சொல்லாமல் இருந்தது தப்பு. அவள் கொண்டுவந்த ரொட்டியை எல்லாம் தின்றுகொண்டே சொல்லாமல் இருந்தேன்.

மே 15

இன்று நாடு முழுக்க ஆசிரியர் தினம். மரீட்சா ஒரு காகிதப் பை கொடுத்தாள். உள்ளே கையால் பின்னிய கம்பளிக் குல்லாய். "அம்மா மார்ச்லயே பின்னிட்டாங்க. உங்க ஊர்ல குளிருமாமே." வாங்கிக்கொண்டேன். பிள்ளை கையிலிருந்து வாங்காமல் எப்படி?

மே 28

நாற்பத்தாறு. தோலை உரிக்கிறது. எல்வீரா சொன்னது பொய்யில்லை. நாலு மணிக்கு எழுகிறேன், ஏறுகிறேன், இறங்குகிறேன். மீதி நாள் கூண்டுக்குள் குறுக்கும் நெடுக்கும். ஏறும்போது மட்டும் நெஞ்சு சரியாகிறது. அது போதுமா? இன்றைக்குப் போதும்.

ஜூன் 13, வெள்ளி

வெயிலால் இந்த வருஷமும் முன்கூட்டியே பள்ளி முடிகிறது. எல்வீரா வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டாளாம், மொன்ச்சா சொன்னாள். அடுத்த வாரம் மகளோடு அங்கே போகிறாள், ஃபெர்மீன் இருக்கும் மலைக்கு. எர்மொசீயோவை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்காத பெண்.

மதியம் ரொசெந்தோ ஒரு கட்டுக் காகிதத்தை என் மேசையில் வைத்தார். மரீட்சாவின் மாற்றுச் சான்றிதழ், கூடவே உடற்பயிற்சி அட்டை. என் கையெழுத்து வேண்டுமாம். உயரம் எழுதினேன். எடை எழுதினேன். நூறு மீட்டர் ஓட்டம், பதினேழு நொடி. கீழே, புதிய பள்ளி ஆசிரியரின் கவனத்துக்கு என்று இரண்டு வரி இடம் விட்டிருந்தது. அங்கே இதைப் படிக்கப்போகிற ஆசிரியர் அவள் அப்பாதான். அவருக்குத் தெரியாததையா நான் எழுதிவிடப் போகிறேன்? ஆனாலும் எழுதினேன். ஆறு வருஷமாக அவர் மகள் பள்ளி மைதானத்தில் ஓடி அவர் பார்த்ததில்லையே.

'வெயிலில் ஓடிப் பழகியவள். குளிர் புதிது. முதல் மாதம் பக்கத்தில் இருந்து ஓடவிடவும்.'

கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை கை தயங்கவில்லை.